நான்காம் மாடியில் குளிர்காலம்

சீவரத்தினம் கட்டடக்கலை நிறுவனத்தில் இதுவரை யாரும் தவறு செய்ததில்லை. அங்கே நடப்பதெல்லாம் கான்செப்ட். கூரை ஒழுகினால் அது மழையோடு உரையாடல். திறக்கும் கதவு தூணில் இடித்தால் அது தயக்கத்தின் அழகு. ஒருமுறை ஒரு மூன்று மாடிக் கடைவீட்டுக்குப் படிக்கட்டு வரைய மறந்துவிட்டார்கள். அதற்குக் கிடைத்த கேடயம் வரவேற்பறையில் இருக்கிறது.

ஆகவே, வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் ஷாமினி ஒரு தவறு செய்தபோது, அதைப் போய் யாரிடம் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் கோலாலம்பூருக்கு அடுத்த கிள்ளான்காரி. கட்டடக்கலையில் இளங்கலை அறிவியல் பட்டம் முடித்தவள். அது ஒரு வினோதமான பட்டம். கண்விழித்துப் படித்து வாங்கியவர் தன்னை ஆர்கிடெக்ட் என்று சொல்லிக்கொண்டால் சட்டப்படி குற்றம். அதற்கு இன்னொரு பட்டம் வேண்டும், அதற்கும் மேலே ஒரு தேர்வு வேண்டும். ஷாமினியின் அம்மா இந்தச் சட்டத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க மக ஆர்கிடெக்" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தாள். "அப்படிச் சொல்லாதம்மா, ஃபைன் போடுவாங்க" என்று ஷாமினி பதறியதும், "சரி, சின்ன ஆர்கிடெக்" என்று திருத்திக்கொண்டாள்.

ஷாமினி இயல்பிலேயே பயந்தவள். கையில் டிக்கெட் இருந்தாலும் கொமுட்டர் ரயிலில் பரிசோதகரைக் கண்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது பயப்படுவதற்கு ஒரு முறையான காரணமும் கிடைத்திருந்தது. அதன் பெயர் புரொபேஷன். ஆறு மாதம். அது முடிந்து வேலை உறுதியானால்தான் அடுத்த பட்டத்துக்கு முதலாளி சீவரத்தினம் கையெழுத்துப் போடுவார். அரசு கொடுத்த டத்தோ பட்டம்தான் அலுவலகத்தில் அவருக்குப் பெயர். அவளுக்கு முன் வந்த இருவர் ஐந்தாம் மாதத்தில் காணாமல் போனார்கள். பக்கத்து மேசை தனேஷ் மூன்று வருடமாகப் புரொபேஷனில் இருக்கிறான்.

"பழகிடும் லா," என்றான் தனேஷ். "எனக்குக் கல்யாணம் பேசறாங்க. பொண்ணு வீட்டுல என்னா வேலன்னு கேட்டா, டெம்பரரின்னு சொல்றேன். அவங்க என்னையே டெம்பரரின்னு நெனச்சிக்கிறாங்க."

அவளுடைய முதல் வேலை விருதுக்கு அனுப்ப ஒரு படம் செய்வது. கம்போங் மேடானுக்கு அந்தப் பக்கம் நிறுவனம் வடிவமைத்த மலிவுவிலை அடுக்குமாடி ஒன்று கட்டி முடிந்திருந்தது. பெயர் டேசா அங்கின். அங்கின் என்றால் மலாயில் காற்று. புகைப்படம் எடுக்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்து, அங்கே சனங்கள் குடியிருக்கிறார்கள் என்று புகார் சொன்னார். துணி காயப்போட்டிருக்கிறார்களாம். வாசலில் செருப்பு கிடக்கிறதாம். எனவே கட்டி முடித்த கட்டடத்துக்குக் கணினியிலேயே படம் செய்ய முடிவாயிற்று.

"ஆக்களைப் போடும் பிள்ளை," என்றார் டத்தோ. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் அவருடைய தாத்தா. பேச்சு மட்டும் இன்னும் திரும்பிப் போகவில்லை. "கட்டடம் ஆக்களுக்குத்தான். ஆனா கனக்கப் போடாதேயும். ஆக்கள் கூடினா கட்டடம் தெரியாது."

அலுவலகக் கணினியில் 'மனிதர்கள்' என்று ஒரு கோப்புறை உண்டு. எங்கோ குளிர் தேசத்திலிருந்து வாங்கியது. நாயைப் பிடித்திருக்கும் பெண், சைக்கிள் தள்ளும் இளைஞன், பலூன் ஏந்திய குழந்தை. எல்லாரும் ஒல்லி. யாருக்கும் வேலைவெட்டி இல்லை. யாரும் கைலி கட்டவில்லை, யாருக்கும் வியர்க்கவில்லை. ஷாமினி நல்லவர்களாகப் பார்த்து எடுத்து ஒட்டினாள். நான்காம் மாடி நடைபாதை காலியாகத் தெரிந்தது. கடைசி நேரத்தில் அங்கே ஒரு ஆளை நிறுத்தினாள். படம் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை ரயிலில் அம்மாவுக்குக் காட்டலாம் என்று கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் அந்த ஆளை அவள் சரியாகப் பார்த்தாள். முழங்கால் வரை கறுப்பு ஜாக்கெட். கழுத்தில் கம்பளித் துண்டு. காதை மூடிய தொப்பி. உற்றுப் பார்த்தால் வாயிலிருந்து மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. சிலாங்கூரில், மேற்கு பார்த்த நடைபாதையில், அந்த மனிதன் பனிக்காலத்தில் நின்றான்.

ஷாமினி படத்தை அம்மாவுக்குக் காட்டவில்லை. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தின் மாடிப்படியில் தனேஷை மடக்கிச் சொன்னாள்.

"ஐயோ," என்றான் அவன். "யார்ட்டயாச்சும் சொல்லிட்டியா?"

"இல்ல. டத்தோகிட்டச் சொல்லிடவா?"

"பைத்தியமா? இங்க தப்பு பண்ணா மன்னிப்பாங்களா, திட்டுவாங்களான்னே யாருக்கும் தெரியாது. இதுவரைக்கும் யாரும் ஒத்துக்கிட்டதில்ல. நீ போயி முத ஆளா நிக்காத."

இரண்டு வாரம் அவள் மெல்ல நடந்தாள், மெல்லப் பேசினாள். தொலைபேசி அடித்தால் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். மூன்றாவது வாரம் டத்தோ எல்லாரையும் கூட்ட அறைக்கு அழைத்தார். அது பதினாறு டிகிரியில் வைத்திருக்கும் அறை. எல்லாரும் ஸ்வெட்டரோடுதான் நுழைவார்கள்.

வெப்பமண்டல வாழ்விட விருதின் இறுதிச் சுற்றுக்கு டேசா அங்கின் தேர்வாகியிருந்தது. விருதுக் குழுவின் குறிப்பை டத்தோ எழுந்து நின்று படித்தார். "நான்காம் மாடி நடைபாதையில் ஒருவர் குளிருடையில் நிற்பது எம்மைச் சிந்திக்க வைத்தது. குளிர்சாதனம் இன்றி, இயற்கைக் காற்றால் மட்டுமே, இந்நாட்டில் ஒரு மனிதனை ஜாக்கெட் அணிய வைக்கும் கட்டடத்தை நாங்கள் இதுவரை கண்டதில்லை."

விருதுக் குழுவும் பதினாறு டிகிரி அறையில்தான் அமர்ந்து படம் பார்த்திருக்க வேண்டும்.

"இந்த ஆளை வச்சது ஆர்?" என்றார் டத்தோ.

எல்லாரும் ஷாமினியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். 

"ஏன் பிள்ளை இந்த ஜாக்கெட்டைப் போட்டனீர்? சொல்லும்."

"டத்தோ, அது வந்து... நான் தெரியாம..."

"தெரியாம!" டத்தோ கண்ணை மூடித் திறந்தார். "கேட்டீங்களோ? தெரியாமச் செய்திருக்கிறா. நான் முப்பது வருஷமாத் தெரிஞ்சு தேடின விஷயம், இவவின்ர கைக்குத் தெரியாமலே வந்திருக்குது. உள்ளுணர்வு எண்டு சொல்லுறது இதைத்தான். குறிச்சு வைங்கோ."

எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். ஷாமினியும் குறித்துக்கொண்டாள். பிறகு அதை அவளாலேயே படிக்க முடியவில்லை.

விருதுக் குழு அடுத்த மாதம் கட்டடத்தை நேரில் பார்க்க வருகிறது. அதற்கு முன் யாராவது போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். சாவியை ஒப்படைத்த நாளிலிருந்து நிறுவனத்திலிருந்து ஒருவரும் அந்தப் பக்கம் போனதில்லை. கட்டடத்தின் மீதிருந்த மரியாதைதான் காரணம் என்று டத்தோ சொன்னார். ஷாமினியை அனுப்பினார்கள்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. அவள் நடந்தே நான்காம் மாடிக்கு ஏறினாள். நடைபாதையில் கால் வைத்ததும் அடுப்பைத் திறந்தது போல் முகத்தில் அறைந்தது. இடுப்பளவு சுவர். அதற்கு மேல் கூரை வரைக்கும் செங்குத்தாக அலுமினியத் தகடுகள். சாய்ந்தால் சுவர் தாங்கும், தகடுகள் வெறும் அலங்காரம். நிழல் கோடுகோடாக விழுந்தால் வரைபடத்தில் அழகாக இருக்கும் என்று டத்தோ அவற்றை நெருக்கி நெருக்கி வைத்திருந்தார். இடைவெளியில் சுண்டுவிரல் போனது. காற்று போகவில்லை. மேற்கு வெயிலில் தகடுகள் சூடேறி, அந்தச் சூட்டை உள்ளே பத்திரமாக வைத்திருந்தன.

ஒரு வாசலில் பெரிய முறத்தில் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தாள். இராஜம்மா என்று பெயர் என்பது பிறகு தெரிந்தது.

"யாரும்மா? மேனேஜ்மென்ட்டா?"

"இல்ல ஆன்டி. கட்டடம் வரைஞ்ச ஆபீஸ்லருந்து."

"ஓ, இத வரைஞ்சது நீங்கதானா?"

"நான் வரையல ஆன்டி," என்றாள் ஷாமினி உடனே.

"வரைஞ்சவங்கள ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வா. கும்புடணும். மத்த எடத்துல மூணு நாள் காயற மொளகா இங்க ஒரே நாள்ல காயுது. கருவாடு போட்டா மத்தியானமே எடுத்துரலாம். மனுசன்தான் நிக்க முடியல."

ஷாமினி அறிவியல் பட்டதாரி. பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துத் தொங்கவிட்டாள். முப்பத்தொன்பது. வேறு இடத்தில் தொங்கவிட்டாள். அங்கேயும் முப்பத்தொன்பது. அதை எழுதி எடுத்துப் போய், இரண்டு நாள் தைரியம் சேர்த்து, டத்தோவிடம் நீட்டினாள்.

அவர் அதை அனுதாபத்தோடு பார்த்தார். "தெர்மாமீட்டருக்கு டிசைன் விளங்காது பிள்ளை. அது எங்க கொண்டுபோனாலும் ஒரே விஷயத்தைத்தான் பார்க்கும். நாங்கள் அப்பிடிப் பார்க்கக் கூடாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீர் அங்க போன நேரம் அந்த ஜாக்கெட் ஆள் அளவிலை ஒராளைப் பார்த்தீரோ?"

விருதுக் குழு வரும்போது படத்தில் உள்ளபடியே எல்லாம் இருக்க வேண்டும் என்பது டத்தோவின் முடிவு. நாய்ப் பெண்ணாக வரவேற்பாளர். சைக்கிள் இளைஞனாகத் தனேஷ். அவனுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, ஆனால் படத்தில் தள்ளத்தான் செய்கிறான் என்பதால் சிக்கல் இல்லை. ஜாக்கெட் ஆள் மட்டும் உண்மையாகவே அங்கே குடியிருப்பவராக இருக்க வேண்டும். "அதுதான் நேர்மை," என்றார் டத்தோ. ஜாக்கெட் அவருடையது, லண்டனில் வாங்கியது.

படத்தில் உள்ளவனின் உயரம் ஐந்தடி ஒன்பது. அந்த மாடியில் அவ்வளவு உயரம் உள்ள ஒரே ஆள் இராஜம்மாவின் கணவர் கன்னையா. ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். ஷாமினி அளவு நாடாவோடு வாசலில் நின்றபோது அவர் சிரித்தார்.

"என்னா பாப்பா, சவப்பொட்டிக்கா அளவு எடுக்கற?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். 

"இந்தச் சூட்டுலயா?" என்றாள் இராஜம்மா. "ஒங்க டத்தோவுக்கு மண்டைக்கு முடியலியா? இந்த மனுசனுக்கு ஏற்கெனவே பிரஷர்."

"நீ சும்மாரு," என்றார் கன்னையா. "பாப்பா, நாங்க மேனேஜ்மென்ட்டுகிட்ட ரெண்டு கரண்டு காத்தாடி கேட்டு எழுதிக் குடுத்தோம். ஆர்கிடெக்டக் கேக்கணும்னாங்க. நீ கேட்டுச் சொல்லுவியா?"

"டத்தோ காத்தாடி வேணாம்னுதான் சொல்வாரு அங்கிள். கான்செப்ட் கெட்டுரும்பாரு."

"சரி. அப்ப நான் போடலேன்னா ஒனக்கு என்னா ஆவும்?"

அவள் அளவு நாடாவைச் சுருட்டி, விரித்து, மறுபடி சுருட்டினாள்.  அவர் அதைப் பார்த்தார்.

"காலையில எத்தன மணிக்கு?" என்றார்.

"ஒம்போது மணிக்கு. பத்தே நிமிசம் அங்கிள். அப்ப வெயில் அந்தப் பக்கம் இருக்கும்."

அந்த நாளில் எல்லாம் ஒழுங்காகத் தொடங்கியது. துணிகள் உள்ளே போயின. மிளகாய் உள்ளே போயிற்று. குடியிருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளுமாறு பணிவாகக் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். ஒன்பது மணிக்கு விருதுக் குழு சுபாங் ஜெயாவில் பசியாறிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு இன்னொரு கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மதிய விருந்து. அவர்கள் நான்காம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தபோது மணி மூன்றரை. சூரியன் நேராகத் தகடுகளின் மீது நின்றது.

கார் சத்தம் கேட்டதுமே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கன்னையா தன் இடத்தில் நின்றிருந்தார். ஜாக்கெட், கம்பளித் துண்டு, தொப்பி.

விருதுக் குழுவில் மூன்று பேர். தலைவி டத்தின் உஷாராணி, இன்னொரு டத்தோவின் மனைவி. நடைபாதையில் கால் வைத்ததும் அவர் ஒரு கணம் நின்றார். நெற்றியில் பொட்டுப் பொட்டாக வியர்வை எழுந்தது. பின்னால் வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். என்ன உணர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. தேர்வுக் குறிப்பில் மூவரும் கையெழுத்திட்டிருந்தார்கள்.

"அடடா," என்றார் டத்தின் உஷாராணி. "என்னா குளுகுளுன்னு இருக்கு!"

அவர் கைப்பையிலிருந்து சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார். இரண்டாம் நடுவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். மூன்றாமவர், நாகரிகம் தெரிந்தவர், தும்மினார்.

டத்தோ உரையாற்றினார். "காற்று எண்டது எல்லாருக்கும் கிடைக்கிற பொருள் இல்லை. அதை நாங்கள்தான் குடுக்கவேணும். ஏழைகளுக்கு எவ்வளவு காற்று தேவை எண்டு அவைக்குத் தெரியாது. கேட்டா காத்தாடி எண்டுதான் சொல்லுவினம். அதாலை நான் அவையைக் கேக்கிறதில்லை. என்ர இத்தனை வருஷ சேவையிலை ஒருநாளும் ஒருத்தரையும் கேட்டதில்லை."

நடுவர்கள் கைதட்டினார்கள். ஈரக் கைகளானதால் சத்தம் சரியாக வரவில்லை.

ஷாமினி கன்னையாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு பளபளத்தது. இப்போது வெளுக்கத் தொடங்கியது. வியர்வை நின்றுபோயிருந்தது. அது நல்ல அறிகுறி இல்லை என்று அவள் எங்கோ படித்திருந்தாள். பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. ஓர் அடி எடுத்து வைத்தாள். டத்தோ திரும்பிப் பார்த்தார். அவள் அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

டத்தின் உஷாராணி கன்னையாவின் அருகில் போனார். "எப்படிங்கய்யா இருக்கு? குளுருதா?"

கன்னையா ஷாமினியைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார். "நடுங்குது."

அது உண்மை. அவர் கைகள் நடுங்கின. மூவரும் குறிப்பெடுத்தார்கள். கன்னையா சுவரைப் பிடித்தார், பிடி நழுவியது, முதுகு சுவரில் உரசியபடியே மெல்லக் கீழே சரிந்தார். தொப்பி கண்ணை மூடிக்கொண்டது.

யாரும் அசையவில்லை.

"பாருங்க," என்றார் டத்தின் உஷாராணி மெல்லிய குரலில். "எவ்வளவு சொந்தமா உக்காந்துட்டாரு. கட்டடத்தோட ஒன்றிட்டாரு."

"படுக்கப்போறார் போல கிடக்கு," என்றார் டத்தோ பெருமையோடு.

 ஷாமினியின் கால்கள் தரையோடு ஒட்டியிருந்தன. அவரிடம் ஓடிவிடுவோமோ என்று ஒரு பயம், ஓடாமல் இருந்துவிடுவோமோ என்று இன்னொரு பயம். எது பெரிது என்று பார்க்க நேரமில்லை. தனேஷின் கையிலிருந்து சைக்கிள் தடாலென்று விழுந்தது. அந்தச் சத்தத்தில் அவள் கால்கள் கழன்றன.

ஓடிப்போய் ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. "ஆன்டி! தண்ணி! ஆன்டி!" சாத்தியிருந்த கதவு படீரென்று திறந்தது. இராஜம்மா வாளியோடு வந்தாள். கணவர் மீது ஊற்றியது போக மிச்சத்தை டத்தோவின் காலில் இருந்த சப்பாத்துமீது ஊற்றினாள். அது தவறுதலாகத் தெரியவில்லை.

"சூடு!" என்று கத்தினாள் ஷாமினி. தன் குரலை அவ்வளவு பெரிதாக அவள் இதற்கு முன் கேட்டதில்லை. "இங்க சூடு! முப்பத்தொம்பது டிகிரி! அந்த ஜாக்கெட் ஆள நான் தப்பாப் போட்டேன்! பாக்காம ஒட்டிட்டேன்! கான்செப்ட் ஒண்ணும் இல்ல! தப்பு! தப்பு!"

 எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

தனேஷ் ஏற்கெனவே ஆம்புலன்சுக்குப் பேசிக்கொண்டிருந்தான். டத்தின் உஷாராணி சால்வையை மெல்லக் கழற்றினார். கண்கள் கலங்கியிருந்தன, வியர்வையாகவும் இருக்கலாம்.

"டத்தோ," என்றார், "இந்த மாதிரி ஒரு பிரசன்டேஷன நான் பாத்ததே இல்ல."

கன்னையா பிழைத்துக்கொண்டார். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இரண்டு பாட்டில் ஏற்றி அனுப்பினார்கள். ஷாமினி வார்டு வாசல் வரை போய், உள்ளே போகப் பயந்து, வாங்கிப் போன ஆரஞ்சுப் பழங்களைத் தாதியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் வேலை போய்விடும் என்று மேசையைத் துடைத்துவைத்தாள். சொல்லப் போனால் அதை எதிர்பார்த்தாள்.

வேலை போகவில்லை. டேசா அங்கின் முதல் பரிசை வென்றது. 'பயனாளரின் உடலையே பங்கேற்க வைக்கும் நடைபாதை' என்று பாராட்டுரை சொன்னது. 'தவறு! தவறு! என்று இளம் வடிவமைப்பாளர் எழுப்பிய குரல், நவீன கட்டடக்கலையின் சுயவிமர்சனமாக எம் செவிகளில் ஒலித்தது.'

"நீர் கத்தின நேரம் திறம்," என்றார் டத்தோ. "ஆனா என்னட்டக் கேக்காமக் கத்தினீர். அதுக்காகப் புரொபேஷன் மூண்டு மாசம் கூடுது. விளங்குதோ?"

ஷாமினி தலையாட்டினாள். தான் செய்த ஒரே தவறும் இனி தவறில்லை. அதை ஒப்புக்கொண்டதும் கான்செப்ட் ஆகிவிட்டது. அவளுக்கு முன்பைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

அடுத்த மாதம் விருதுப் பலகை வந்தது. கேடயம் கொடுக்கும் விழா ஹோட்டலில். பலகையைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒட்ட ஓர் ஆள் போதும்.

"ஒட்ட முன்னம் மேலை ஏறி ஒருக்காப் பாரும்," என்றார் டத்தோ. "அங்க சனம் தகட்டிலை கை வைக்குதாம் எண்டு ஒரு கதை கேள்விப்பட்டன். ஒண்டு குறைஞ்சாலும் எனக்குச் சொல்லும். டெவலப்பரைக் கொண்டு போலீஸ் ரிப்போர்ட் எழுதுவிப்பம். திரும்பப் பூட்டவும் வைப்பம்."

லிஃப்ட் இன்னும் வேலை செய்யவில்லை. அவள் ஏறினாள். மூன்றாம் மாடி திருப்பத்திலேயே ஏதோ வித்தியாசமாக இருந்தது. கழுத்தில் முடி பறந்தது.

நான்காம் மாடியில் ஒரு தகடுகூட இல்லை. இடுப்புச் சுவர் அப்படியே இருந்தது. அதற்கு மேல் வெறும் வானம். துணிகள் படபடத்தன. பிள்ளைகள் மிதிவண்டி விட்டார்கள். இராஜம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, மிளகாய் காய மாட்டேன் என்கிறது என்று யாரிடமோ குறைபட்டுக்கொண்டிருந்தாள். கன்னையா பிளாஸ்டிக் நாற்காலியில் கைலியும் பனியனுமாக உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"வா பாப்பா," என்றார். "ஆரஞ்சு நல்லாருந்துச்சு. ஏன் உள்ள வரல?"

அவள் வாய் திறப்பதற்குள் கைப்பேசி அடித்தது. டத்தோ.

"பிள்ளை, ஏறிட்டீரோ? தகடு எல்லாம் இருக்கோ?"

அவள் கன்னையாவைப் பார்த்தாள். இராஜம்மாவைப் பார்த்தாள். இராஜம்மாவின் கை முறத்தில் அப்படியே நின்றது. நடைபாதை முழுக்கப் பேச்சு அடங்கியது. மிதிவண்டிகளும் நின்றன. டத்தோ எந்த நாளும் வந்து பார்க்கலாம். யாராவது ஒருவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். புரொபேஷன், கையெழுத்து, அம்மாவின் சின்ன ஆர்கிடெக், எல்லாம் ஒரு வார்த்தையில் தொங்கியது.  

"பிள்ளை? கேக்குதோ?"

"கேக்குது டத்தோ."

"என்ன மாதிரி இருக்கு?"

"அழகா இருக்கு டத்தோ," என்றாள் ஷாமினி. "எல்லாம் நீங்க வரைஞ்ச மாதிரியே இருக்கு."

"நிழல் விழுதோ?"

"கோடு கோடா விழுது டத்தோ."

மறுமுனையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. "எனக்குத் தெரியும். நான் வந்து பார்க்கத் தேவையில்லை." அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அவள் சுவரில் சாய்ந்தாள்.  இராஜம்மா எழுந்து, தன் முக்காலியை அவளுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். 

மேலே ஐந்தாம் மாடியில் இரும்போடு இரும்பு உரசும் சத்தம். பிறகு ஒருவன் எட்டிப் பார்த்துக் கத்தினான். "கன்னையாண்ணே! இங்க கழல மாட்டேங்குது. நட்டு வேற சைசா இருக்கு. ஸ்பானர் எத்தனாம் நம்பரு?"

"எனக்கென்னாடா தெரியும்?" என்றார் கன்னையா. "நம்மகிட்ட இருந்ததுல எது பூந்துச்சோ அதால கழட்டுனோம்."

விருதுக்காக ஒவ்வொரு மாடியின் தகட்டு வரைபடத்தையும் புதிதாக வரைந்தவள் ஷாமினி. ஆணி ஆணியாக, நட்டு நட்டாக அளவு போட்டு வரைந்தாள்.  பயமாகத்தான் இருந்தது. கீழே பார்த்தாள், படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள், யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

"பதிமூணு," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வெளியே தலையை நீட்டி, மேலே பார்த்துச் சொன்னாள்.

"பதிமூணாம் நம்பர் அண்ணே. மேல இருக்கற நட்ட மொதல்ல கழட்டாதீங்க, தகடு தலையில விழுந்துரும். அடியிலருந்து வாங்க."